சென்னையில் மாடி வீட்டில் முதல் கோடை: பிப்ரவரியிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ சென்னைக்கு வந்து, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் வாடகைக்குக் குடியேறப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை கொஞ்சம் குறைவு என்பதால் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வீடுதான் அமைகிறது. எங்களுக்கும் அப்படித்தான். வயதான அம்மா, அவருடைய இன்சுலின், மே மாத வெயில், வீட்டு ஓனர், ஈபி ஆபீஸ், ஏசி மெக்கானிக் என்று எல்லாமும் ஒரே சமயத்தில் தலைக்கு மேல் வந்து நின்றன. யாராவது முன்கூட்டியே வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசைதான் இது.

வெயில் தளத்திலும் சுவரிலும் இறங்கும் முன்பே தடுப்பது முதல் வேலை. மீறி உள்ளே சேர்ந்த சூட்டை ராத்திரியில் வெளியே அனுப்புவது இரண்டாவது. ஏசி அதற்கு அப்புறம்தான். பலரும் ஏசியில் தொடங்குகிறார்கள். கொதிக்கும் தளத்துக்கு அடியில் அது விடிய விடிய நிற்காமல் ஓடும், அறையும் குளிராது, பில்லும் ஏறும்.

காலம் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரத்தில் வேலையைத் தொடங்குங்கள். ஏப்ரல் பிறந்துவிட்டால் பெயின்டரும் கிடைக்க மாட்டார், ஏசி மெக்கானிக்கும் போனை எடுக்க மாட்டார். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 அல்லது 29 வரை. கத்திரி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று சென்னையில் இருக்க முடியாது. இந்த நகரத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு. மேற்குக் காற்று பலமாக வீசும் ஜூன் நாட்களில் கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும். அந்த நாட்கள் மே மாதத்தைவிடக் கொடுமையாக இருக்கலாம். ஆகவே ஜூன் கடைசி வரைக்கும் திட்டம் போடுங்கள்.

1. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வீட்டை இரண்டு முறை பாருங்கள்

புரோக்கர் காலை பத்து மணிக்குத்தான் வீடு காட்டுவார். அந்த நேரத்தில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். மாலை நாலு மணிக்கு ஒரு முறை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒன்பது மணிக்குப் போவதுதான் முக்கியம். கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு, மெதுவாக, பல மணி நேரம் கழித்து அறைக்குள் விடும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உள்ளே அனல் அடிப்பது அதனால்தான். ஸ்டூல் மேல் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வையுங்கள். கையை எடுக்கத் தோன்றினால் அது நீங்கள் தூங்கப் போகும் அறையின் நிலைமை.

பார்க்க வேண்டியவை இவை. படுக்கையறைக்கு மேற்குச் சுவர் இருக்கிறதா? இருந்தால் மாலை வெயில் முழுவதும் அந்தச் சுவரில்தான். கிழக்கிலோ தெற்கிலோ ஜன்னல் உண்டா? கடற்காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள், அல்லது ஜன்னலும் கதவும் இருந்தால்தான் காற்று ஓடும். ஒரே பக்கம் மட்டும் திறப்பு இருந்தால் ஓடாது. மாடிக்குப் போய் மேலே கூலிங் டைல்ஸ் பதித்திருக்கிறதா, வெறும் சிமென்ட் தளமா என்று பாருங்கள். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுக் கட்டிய ஒற்றை அறையென்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் குடும்பம் அதை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

2. ஓனரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் "பண்ணிக்கோங்க தம்பி" என்று சொன்னவரே, காலி செய்யும்போது ஏசி ஓட்டைக்கு அட்வான்ஸில் பணம் பிடிப்பார். பதினொரு மாத அக்ரிமென்ட் போடும்போதே கீழ்க்கண்டவற்றை ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்:

ஏசி பைப்புக்காகச் சுவரில் துளை போடவும், அவுட்டோர் யூனிட் ஸ்டாண்டு மாட்டவும் அனுமதி. மாடித் தளத்தில் வெள்ளை அடிக்க அனுமதி, அதன் செலவு யாருடையது என்பது. ஜன்னலுக்கு வெளியே தட்டியோ வலையோ கட்ட அனுமதி. மின் கட்டணம் எந்தக் கணக்கில், யூனிட்டுக்கு எவ்வளவு என்பது.

கடைசி வரி மிகவும் முக்கியம். தனி ஈபி மீட்டர் இருந்தால் நீங்களே நேரடியாகக் கட்டலாம். சப்-மீட்டர் (ஓனர் தன் இணைப்பிலிருந்து பிரித்து வைக்கும் உள் மீட்டர்) வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வாங்கும் வீடுகள் சென்னையில் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் அரசு தரும் இலவச யூனிட்டும் உங்களுக்குக் கிடைக்காது, கோடையில் பில் எங்கேயோ போய் நிற்கும். தனி மீட்டர் இருக்கும் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்தாலும் நஷ்டமில்லை.

வாடகை ஒப்பந்தத்தைத் தமிழ்நாடு அரசின் வாடகைச் சட்ட இணையதளத்தில் பதிந்து எண் பெறும் வசதி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2019 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் பின்னால் பேச்சு வரும்போது உங்கள் பக்கம் ஒரு காகிதம் இருக்கும்.

3. மொட்டை மாடிக்கு வெள்ளை

நான் செய்தவற்றிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று சுண்ணாம்பு. சில நூறு ரூபாய்க்குள் பொருள் முடிந்துவிடும், ஆள் கூலிதான் செலவு. ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை கலப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரும்பாலும் கரைந்து போய்விடும், அதனால் ஒவ்வொரு வருஷமும் அடிக்க வேண்டும். கல் சுண்ணாம்பு வாங்கி நீங்களே நீற்றப் போகிறீர்கள் என்றால் கவனம்: தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள்.

இரண்டாவது, கூல் ரூஃப் பெயின்ட் என்று கடைகளில் விற்பது. 600 சதுர அடி மாடிக்கு இரண்டு கோட் அடிக்க 20 லிட்டர் வாளி ஒன்று தேவைப்படும். பிராண்டைப் பொறுத்து வாளி நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் ரூபாய் வரை போகிறது. இரண்டு மூன்று வருஷம் தாங்கும். பதினொரு மாதத்தில் காலி செய்யப் போகிறவர் தன் கையிலிருந்து இதைச் செய்வது நியாயமில்லை. ஓனரிடம் செலவைப் பாதிப் பாதியாகப் பேசுங்கள். தளத்துக்கு நீர்க்கசிவுப் பாதுகாப்பும் கிடைக்கிறது என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

எதை அடித்தாலும் தளத்தைப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். சூடான தளத்தில் அடித்த பெயின்ட் சீக்கிரம் உரிந்துவிடும். மாதம் ஒரு முறை தூசியைக் கழுவிவிடுங்கள், அழுக்கேறிய வெள்ளைக்குப் பாதி பலன்கூட இருக்காது. அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கேட்கச் சின்னதாகத் தெரிந்தாலும், ராத்திரி தூக்கம் வருவதற்கும் வராததற்கும் இடையே இருப்பது அந்த இரண்டு டிகிரிதான்.

மாலை ஆறு மணிக்கு மாடியில் தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம். பலன் உண்டு. ஆனால் தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கும் தெருவில் அதைத் தினமும் செய்ய முடியாது, கசியும் தளம் என்றால் செய்யவே கூடாது.

கூரையின் உட்புறம் தெர்மாகோல் ஒட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். ஒட்டாதீர்கள். ஃபேன் வயரும் விளக்கு வயரும் போகும் இடத்தில் அது தீயை வீடு முழுக்கப் பரப்பும்.

4. ஜன்னலுக்கு நிழல் வெளியே

உள்ளே தொங்கவிடும் கனத்த திரை வெளிச்சத்தைத் தடுக்குமே தவிர சூட்டை முழுதாகத் தடுக்காது. கண்ணாடியைத் தாண்டிய வெயில் ஏற்கனவே அறைக்குள் வந்துவிட்டது. ஆகவே மேற்கு ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வெளிப்புறமாக மூங்கில் தட்டியோ நர்சரிகளில் போடும் பச்சை வலையோ கட்டுங்கள். வலை மீட்டர் கணக்கில் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். 75 சதவீத நிழல் தரும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். ஓரங்களில் வளையம் அடித்து நைலான் கயிற்றால் கட்டினால் கோடைக்காற்றில் பிய்ந்து போகாது. இரண்டு ஜன்னலுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடியும்.

வெட்டிவேர்த் தட்டி பற்றிப் பலர் கேட்கிறார்கள். வேலூர், திருச்சி மாதிரி வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். சென்னையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வாசனைதான் மிஞ்சும்.

ஏர் கூலருக்கும் இதே கதிதான். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்வதால்தான் கூலர் குளிர்விக்கிறது. ஈரப்பதம் மிகுந்த சென்னைக் காற்றில் ஆவியாவது குறைவு. மூடிய அறையில் வைத்தால் பிசுபிசுப்பு ஏறி நிலைமை இன்னும் மோசமாகும். ஏசிக்குப் பதில் என்று நினைத்து எட்டாயிரம் பத்தாயிரம் கொடுத்து வாங்கிவிடாதீர்கள். சொந்த ஊர் மதுரைப் பக்கம் என்றால் அங்கே வீட்டுக்கு வாங்கிக் கொடுங்கள், பயன்படும்.

5. ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது

காலை எட்டரை ஒன்பது மணிக்கு மூடுங்கள். வெளியே உள்ளதைவிட உள்ளே சூடு குறைவாக இருக்கும் வரை மூடியே இருக்கட்டும். கடற்காற்று வந்ததும் கிழக்கு, தெற்கு ஜன்னல்களைத் திறக்கலாம். சில நாள் மதியம் ஒரு மணிக்கே வந்துவிடும், சில நாள் மூன்றைத் தாண்டியும் வராது. முந்நூறு நானூறு ரூபாய்க்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள், ஊகிக்க வேண்டியிருக்காது. ராத்திரி முழுவதும் எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கொசுவலைச் சட்டம் இல்லாவிட்டால் இது நடக்காது, ஆகவே ஜன்னல் வலையை முதல் மாதமே போட்டுவிடுங்கள்.

அறையில் நாற்பது டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் உடம்பில் அடிக்கும். அந்த நேரத்தில் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதும், குளிப்பதும், கீழ்த்தளத்துக்கோ வேறு இடத்துக்கோ போய்விடுவதும்தான் வழி. பகலில் அம்மாவைக் கீழ் வீட்டு மாமியுடன் இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்வது எங்கள் வீட்டில் பெரிய உதவியாக இருந்தது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும். மின்சாரம் குறைவாக எடுக்கும் புது ரக மோட்டார் உள்ள பிஎல்டிசி (BLDC) ஃபேன் 30 வாட் அளவில் ஓடும், விலை 2,500 முதல் 3,500 ரூபாய். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் நாற்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். இந்த நாற்பது யூனிட் ஏன் முக்கியம் என்று அடுத்த படியில் தெரியும். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம், பழைய ஃபேனைப் பரணில் பத்திரமாக வையுங்கள்.

6. மின் இணைப்பு: லோடும் 500 யூனிட்டும்

ஏசி வாங்கும் முன் இதைப் பாருங்கள். ஈபி பில்லிலோ இணையக் கணக்கிலோ அனுமதிக்கப்பட்ட லோடு, அதாவது வீடு ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மின்சாரம், எத்தனை கிலோவாட் என்று இருக்கும். ஒன்றரை டன் ஏசி ஒன்றே ஒன்றரைக் கிலோவாட்டுக்கு மேல் எடுக்கும், கீசர் இரண்டு, இன்டக்‌ஷன் அடுப்பு இரண்டு. சிங்கிள் ஃபேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைக்கும்தான். அதற்கு மேல் த்ரீ ஃபேஸ் வேண்டும். பழைய வீடுகளில் இரண்டு கிலோவாட் லோடுதான் இருக்கும்.

லோடைக் கூட்ட விண்ணப்பிக்க வேண்டியவர் ஓனர்தான், வாடகைக்காரர் அல்ல. மின்வாரிய இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மின் இணைப்பு எண், ஓனருடைய ஆதார், சொத்து வரி ரசீது அல்லது பத்திர நகல் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிறைய வீடுகளில் இணைப்பு இன்னும் ஓனருடைய அப்பா, தாத்தா பெயரிலேயே இருக்கும். அப்படியென்றால் முதலில் பெயர் மாற்றம், அதற்கு வாரிசுச் சான்று, இறப்புச் சான்று என்று வேலை நீளும். எங்கள் விஷயத்தில் அதிக நாள் தின்றது இதுதான். பிப்ரவரியில் தொடங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமும் இதுவே.

வீட்டுக்குள் வயரிங்கும் தாங்க வேண்டும். ஏசிக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர், தனி எம்சிபி (மின்சாரம் மிகும்போது தானே அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசியைச் செருகாதீர்கள், ஒரு ராத்திரிக்குக்கூட வேண்டாம்.

இனி பில். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 2024 ஜூலைக் கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65, 801 முதல் 1,000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. பொறி எங்கே என்றால், 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு அரசுச் சலுகை உண்டு. 501-ஐத் தொட்டதும் அந்தச் சலுகையும் போய்விடும். அதாவது ஒரே ஒரு யூனிட் கூடினால் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும்.

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு 0.6 முதல் 0.8 யூனிட் எடுக்கும் என்று வையுங்கள். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்திலிருந்து ஆறரை யூனிட், அறுபது ராத்திரிக்கு 300 முதல் 390 வரை. ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாம் சேர்த்து நூற்று ஐம்பது, இருநூறு. கணக்கு சரியாக 500 என்ற விளிம்பில் வந்து நிற்கிறது. மேலே சொன்ன வெள்ளையும் நிழலும் பிஎல்டிசி ஃபேனும் உங்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்திருக்கும். ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் போனில் படமெடுத்து வையுங்கள், நாற்பதாவது நாளில் எங்கே இருக்கிறோம் என்று பாருங்கள். ரீடிங் எடுக்க ஆள் வராமல் நாள் தள்ளிப்போனால் அந்த நாட்களின் யூனிட்டும் இதே கணக்கில் சேரும். உடனே புகார் பதியுங்கள். மின்தடைக்கும் இந்தப் புகாருக்கும் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கிறார்கள்.

7. ஏசி: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

ஒரே வருஷத்தில் ஊர் மாறுவீர்கள் என்றால் மாத வாடகைக்கு எடுப்பதே நல்லது. ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து கிடைக்கிறது. மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர்கள் பொறுப்பா, கழற்றுவதற்குத் தனிக் காசா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று கோடைக்கு மேல் இருப்பீர்கள் என்றால் வாங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, பில்லில் சரிபாருங்கள்.

அளவு: 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் போதும் என்பது நடுத்தளக் கணக்கு. மாடிக்குக் கீழே இருக்கும் அறைக்கு ஒன்றரை டன் கேட்பார்கள். தளத்துக்கு வெள்ளை அடித்து ஜன்னலை மறைத்த பின் எங்கள் சின்ன அறைக்கு ஒரு டன்னே போதுமாக இருந்தது.

நட்சத்திர லேபிளில் வருட யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போட்டது. நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல் அந்த எண்ணை ஒப்பிடுங்கள். நாலு மாதம், ராத்திரி மட்டும் ஓட்டுகிறவர் ஆயிரம் மணி நேரத்தைக்கூடத் தொட மாட்டார். அவருக்கு மூன்று நட்சத்திர இன்வெர்ட்டர் போதும். பகலும் ராத்திரியும் ஓடும் வீட்டுக்குத்தான் ஐந்து நட்சத்திரத்தின் கூடுதல் விலை திரும்ப வரும்.

மாட்டும்போது வரும் செலவை விற்பவர் சொல்ல மாட்டார். பெட்டியோடு பெரும்பாலும் மூன்று மீட்டர் காப்பர் பைப் வரும், கூடுதல் மீட்டருக்குத் தனிக் காசு. ஸ்டாண்டு, துளை, வயர், ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்ந்தால் ஐந்தாயிரத்தைத் தாண்டலாம். முதலிலேயே ஒருவரை வரவழைத்து மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். அவுட்டோர் யூனிட்டை மேற்கு வெயிலில் மாட்டாதீர்கள், மூடிய இடுக்கிலும் வைக்காதீர்கள்.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. சர்வீசுக்கு வந்தவர் "கேஸ் குறைஞ்சிருக்கு, போட்டுடலாம்" என்று இரண்டாயிரம் மூவாயிரம் கேட்பார். ஏசியில் கேஸ் என்பது மூடிய குழாய்க்குள் சுற்றுவது, ஓடி ஓடித் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் போட்டால் அடுத்த மாதம் மறுபடி அதே செலவுதான். முதலில் கசிவுச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். பாதி நேரம் பிரச்சினை அழுக்கேறிய ஃபில்டர்தான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை நீங்களே கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள்.

26 டிகிரியில் வைத்து ஃபேனை மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டி வைப்பதிலும் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம்.

8. தண்ணீர், உப்புக்கரைசல், மருந்து

மாடியில் உள்ள கறுப்புத் தொட்டியின் தண்ணீர் மதியம் இரண்டு மணிக்குக் கையில் பட்டாலே சுடும். குழந்தையை அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டிவிடாதீர்கள். ராத்திரியே இரண்டு வாளி பிடித்துக் குளியலறையில் வைத்துவிடுங்கள். தொட்டிக்கு மேலே பச்சை வலையோ ஈரச் சாக்கோ போட ஓனர் மறுக்க மாட்டார். குடிக்கும் கேன் தண்ணீர் வாங்கும் கடையில் கேன்கள் வெயிலில் அடுக்கியிருந்தால் வேறு கடை பாருங்கள்.

வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. மோர், நீராகாரம், இளநீர், எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லவை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீர் பற்றியும், இதய நோய் உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் என்பது பற்றியும் மருத்துவரிடம் மார்ச் மாதமே கேட்டுவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், அடிக்கடி தாய்ப்பால் போதும்.

ஓஆர்எஸ் (ORS) என்னும் உப்புக்கரைசல் தூள் பாக்கெட் வீட்டில் எப்போதும் நாலு இருக்கட்டும். உலக சுகாதார நிறுவன அளவு என்று உறையில் இருக்க வேண்டும், பொதுவாக 20.5 கிராம் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது தவறு, உப்பு மிகுந்துவிடும். கரைத்ததை இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பெட்டியில் அடைத்த இனிப்புப் பானங்கள் பல இதே பெயரில் விற்றுவந்தன. அளவு சரியில்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் தூள் பாக்கெட்டாகவே கேளுங்கள், இருபது இருபத்தைந்து ரூபாய். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். எதுவும் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம்.

இன்சுலின் திறக்காதது ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்துபோனால் வீண். திறந்ததை வெளியே வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும், ஆனால் அது 25, 30 டிகிரி வரைக்கும்தான். நம் மாடி வீட்டு அலமாரி அதைத் தாண்டும். மின்தடை நேரத்துக்கு ஒரு மண்சட்டியில் ஈர மணல் பரப்பி, அதற்குள் சின்ன மண்சட்டி வைத்து, அதில் உறை போட்ட இன்சுலினை வைத்து மூடுங்கள். ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரை, சில மனநல மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள் உடம்பின் வெப்பச் சமநிலையைப் பாதிக்கும். தானாக நிறுத்தக் கூடாது. கோடைக்கு முன் ஒரு முறை மருந்துச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

9. வெளியே வேலை செய்கிறவர்களுக்கு

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயிலில் நிற்காமல் வேலையை மாற்றிக் கேளுங்கள். புதிதாக வெயில் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரம்தான் ஆபத்து, உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். டெலிவரி வேலை செய்கிறவர்களுக்கு அண்ணா நகர் போன்ற இடங்களில் மாநகராட்சி 2025-இல் ஏசி ஓய்வறை திறந்திருக்கிறது. போய் உட்காருங்கள், அது உங்களுக்காகத்தான்.

10. உடம்பு எச்சரிக்கும்போது

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, கொட்டும் வியர்வை என்றால் நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, உப்புக்கரைசல் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியவில்லையென்றால் மருத்துவமனை.

பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், வலிப்பு, மயக்கம், உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது: இது வெப்பவாதம். வியர்த்தாலும் இருக்கலாம், வியர்க்காமலும் இருக்கலாம். உடனே 108. வண்டி வரும் வரை காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், ஃபேனைத் திருப்பிவிடுங்கள், கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இந்தச் சூட்டுக்கு அது கேட்காது. மருத்துவச் சந்தேகம் கேட்க அரசு உதவி எண் 104.

மருத்துவமனையில் சேர்க்கும்போது எவ்வளவு நேரம் வெயிலில் அல்லது சூடான அறையில் இருந்தார் என்று சொல்லுங்கள், குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள். சொல்லவே கஷ்டமான விஷயம் என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று உரிய அதிகாரியின் சான்று வேண்டும். அதிர்ச்சியில் குடும்பம் உடலை நேராக வீட்டுக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டால் பின்னால் எந்தக் காகிதமும் கிடைக்காது. பக்கத்து வீட்டில் அப்படி நேர்ந்தால், அழுதுகொண்டிருக்கும் அவர்களுக்குப் பதிலாக நீங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், பிரேதப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள், தாசில்தார் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு, மனு கொடுத்ததும் ஏற்பு ரசீதைக் கையில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.